இத்தா அறையில் ஒரு குளம்

அந்தப் படத்தை என் கணவர் வீட்டுக்குக் கொண்டுவந்த நாளில் நான் அவரோடு சண்டை பிடித்தேன். இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் சாமான்களை ஏலம் போட்டார்கள். சுதந்திரம் கிடைத்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விட்டுப்போகும் கட்டில், அலுமாரி, பீங்கான் எல்லாவற்றையும் மாத்தளைக் கடைக்காரர்கள் போய் எடுத்துவருவார்கள். மிளகும் கொக்கோவும் பாக்கும் வாங்கி விற்ற என் கணவரும் அன்று போனார். நான் கேட்டிருந்தது ஒரு தையல் மெஷின். அவர் லொறியிலிருந்து இறக்கியதோ பழைய கம்பளியில் சுற்றிய ஒரு படம். இரண்டு கையையும் அகல விரித்துத்தான் அதைத் தூக்க முடிந்தது.

“மெஷின் எங்க?” என்றேன்.

“அத வேற ஆள் எடுத்திட்டான். இதப் பாரு.”

“என்ன இது?”

“குளம். துரைட பங்களாவில சாப்பாட்டு அறையில மாட்டி இருந்தது.”

“ஒழுகுற கூரைக்குக் கீழ குளத்தையும் கொண்டுவந்து வச்சாச்சு.”

அவர் சிரித்தார். “கிட்ட நின்னு பாக்காத புள்ள. வாசப்படிக்குப் போ. அங்க இருந்து பாரு.”

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வாசற்படிக்குப் போனேன். கிட்ட நின்றபோது சுவருக்குச் சுண்ணாம்பு அப்பியதுபோலப் பச்சையும் நீலமும் ஊதாவும் துண்டு துண்டாக அப்பியிருந்ததுதான் தெரிந்தது. படியில் நின்று திரும்பியதும் அது தண்ணீராகிவிட்டது. யாரோ வீட்டுத் தோட்டத்துக் குளம். வானம் என்று தனியாக ஒன்றுமில்லை. படம் முழுக்கத் தண்ணீர், தண்ணீருக்குள் வானம். மேலே இடப்பக்க மூலையில் கரை கொஞ்சம் தெரிந்தது. ஒரு மரத்தின் கொப்புகள் பெண்ணின் அவிழ்ந்த தலைமயிர்போல நீரைத் தொட்டுக்கொண்டிருந்தன. நடுவில் வட்ட இலைகள், அவற்றின் மேல் வெள்ளையும் ரோஸுமாகப் பூக்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதை அவரிடம் நான் சொல்லவில்லை, கடைசிவரை சொல்லவில்லை.

பிரான்ஸ் நாட்டு ஓவியர் ஒருவருடைய படத்தைப் புத்தகத்தில் பார்த்துத் துரையின் தங்கை வரைந்தது அது என்று பங்களாவில் சமையல் பார்த்த அப்பு அவரிடம் சொன்னானாம். இப்படி வரைவதற்கு மனப்பதிவு ஓவியம் என்று பெயர் என்பதை எத்தனையோ வருஷம் கழித்து ஒரு சித்திர டீச்சர் சொல்லித்தான் நான் அறிந்தேன். மாமி, அதாவது அவருடைய உம்மா, அன்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“மனுசன், மிருகம் ஏதும் இருக்கா அதில?”

“இல்ல உம்மா. தண்ணியும் பூவும்தான்.”

“அப்ப மாட்டு.”

உருவப் படம் எங்கள் வீடுகளில் மாட்டுவதில்லை. இதில் உருவம் இல்லை. ஆகவே அது எங்கள் அறையில், கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஏறியது.

இரண்டு வருஷம் கழித்து, வைகாசி மழையில், இரத்தோட்டை றோட்டில் பாக்கு மூட்டை ஏற்றிவந்த லொறி ஒரு வளைவில் சறுக்கி வயலுக்குள் புரண்டது. சாரதிக்குக் கை முறிந்தது. பக்கத்தில் இருந்த என் கணவர் அங்கேயே மவுத்தாகிவிட்டார்.

கடையில் வேலை பார்த்த பெரியவர் வந்து சொன்னபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவர் சொன்னதை முழுதாகக் கேட்டேன். பிறகு அரிசியை மூன்றாம் தண்ணீரும் ஊற்றிக் களைந்து, கல் பார்த்து, உலையில் போட்டேன். அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டேன். மாமி முற்றத்தில் விழுந்து கத்திக்கொண்டிருந்தார். அவரைத் தூக்கவேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் சோறு பொங்கிவிடுமே என்றும் நினைத்தேன். அந்த நினைப்பை இன்றுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை.

ஜனாஸாவை அடக்க எடுத்துப் போனதும் பெண்கள் எனக்கு வெள்ளைச் சேலை கட்டிவிட்டு அந்த அறையில் உட்காரவைத்தார்கள். இத்தா. புருஷன் இறந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கவேண்டும், அந்நிய ஆண்களின் கண்ணில் படக்கூடாது, அலங்காரம் கூடாது. வயிற்றில் பிள்ளை இருந்தால் அது பிறக்கும்வரை. றோட்டுப் பக்கத்து ஜன்னலுக்குப் பழைய படுக்கை விரிப்பை ஆணி அடித்து மறைத்தார்கள். முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அறையில் எஞ்சியவை கட்டில், ஒரு கதிரை, தொழுகைப் பாய், அந்தக் குளம்.

எனக்கு அழுகை வரவில்லை. முதல் நாள் அதிர்ச்சி என்றார்கள். ஏழாம் நாள் பாவம் என்றார்கள். பதினைந்தாம் நாள் வந்த சொந்தக்காரி ஒருத்தி, எனக்குக் கேட்காது என்று நினைத்து, “கல்லு மாதிரி இருக்கா. ஏழு வருசம் ஒண்டா வாழ்ந்தவளா இவ?” என்றாள். கேட்டது. அதுவும் எனக்குள் இறங்கவில்லை. மரத்துப்போன காலை யாரோ கிள்ளுவதுபோல, கிள்ளுவது தெரிந்தது, வலி இல்லை. கொடுத்த கஞ்சியைக் குடித்தேன். ஐந்து நேரமும் தொழுதேன். மற்ற நேரமெல்லாம் எதிர்ச் சுவரைப் பார்த்தேன்.

ஆசைப்பட்டுப் பார்க்கவில்லை. கண் திறந்திருந்தது, எதிரில் அது இருந்தது, அவ்வளவுதான். காலையில் முற்றத்துப் பக்கக் கதவால் வெயில் வந்தால் பூக்கள் முன்னே வரும். பின்னேரம் இலைகள் கறுத்துத் தண்ணீர் மட்டும் மிஞ்சும். சில நாள் எழுந்துபோய் விரலால் தொட்டுப் பார்ப்பேன். ஆறிய புண்ணின் தழும்புபோல வண்ணம் தடித்து நிற்கும். பூ எங்கே என்று விரலுக்குத் தெரியாது. திரும்பிவந்து உட்கார்ந்தால் பூ அங்கேயே இருக்கும். ஒரு மாதம் போவதற்குள் அதில் நான் பார்க்காத இடம் இல்லை. அப்படித்தான் மரநிழலில் அந்த வெள்ளைக் கோட்டைக் கண்டேன். நிமிர்ந்த ஒரு கோடு, அதற்குக் கீழே சாம்பலாக ஒரு இழுப்பு. ஒரு பெண் கரையில் நிற்பதுபோல.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதலுக்கு வந்தவர்களில் யாரோ மாமியைக் கலக்கிவிட்டார்கள். உருவம் இருக்கிற வீட்டுக்கு மலக்குமார், அந்த வானவர்கள், வரமாட்டார்கள், இந்த வெள்ளைக்காரப் படத்துக்குள் என்ன இருக்கிறதோ யார் கண்டது என்று. மகன் வாழ்ந்த அறை. மாமிக்குப் பொறுக்கவில்லை. தெருவில் சின்னப் பெண்களுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கும் ராத்தாவைக் கூட்டிவந்தார். ராத்தா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு படத்தில் முகம் முட்டும் அளவுக்குக் கிட்டப் போனார்.

“இது தவளையா?”

“இலை” என்றார் மாமி.

“இந்தச் செவப்பு? மீனா?”

“பூப்போல இருக்கே.”

ராத்தா பின்னால் வந்தார், மறுபடி முன்னால் போனார். “கிட்டப் பாத்தா ஒண்டுமில்ல. தூரப் பாத்தா என்னவோ எல்லாம் இருக்கு. இத என்னண்டு சொல்ற?” கடைசியில் என் பக்கம் திரும்பினார். “மகள், நீதான் இதப் பாத்துக்கொண்டே இருக்கிறவ. உனக்கு ஏதும் உருவம் தெரியுதா?”

“இல்ல ராத்தா” என்றேன்.

வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு மிச்ச நாட்களை இருக்கமுடியாது என்பதுதான் காரணம். அதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை. பொய் சொன்னதற்கு மனசு குத்தவும் இல்லை. அந்த நாட்களில் எதுவும் குத்தவில்லை.

மாமியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரே மகன் போனதிலிருந்து அவர் சாப்பிடுவதை விட்டுவிட்டார். தேத்தண்ணியில் பிஸ்கட்டை நனைத்து இரண்டு கடி, அதுவும் யாராவது பக்கத்தில் இருந்து ஊட்டினால். கையிலிருந்த வளையல் முழங்கைவரை ஏறிப்போயிற்று. எழுந்தால் சுவரைப் பிடித்தபடி நடந்தார். இந்த மனுஷியும் போய்விடுவார் என்று எல்லாரும் எனக்குக் கேட்கவே பேசினார்கள்.

ஏழாம் வாரத்தில் ஒரு காலை, கிணற்றடியில் நான் உடுப்புத் தோய்ப்பதைப் பார்த்தபடி மாமி உட்கார்ந்திருந்தார். திடீரென்று கேட்டார்.

“மகள், உனக்கு மாசக் குளிப்பு வந்ததா?”

யோசித்தேன். “இல்ல மாமி. அவர் போனதுக்குப் பொறகு வரல்ல.”

ஏழு வருஷமாக எங்களுக்குப் பிள்ளை இல்லை. மாமி எழுந்து நின்றார். சுவரைப் பிடிக்கவில்லை. என் ஈரக் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு, “யா அல்லா, யா அல்லா” என்று மட்டும் சொன்னார். அன்று மத்தியானம் அவர் சோறு தின்றார். பருப்புக் கறியும் கருவாடும் வைத்து, முழுப் பீங்கான்.

அதன் பிறகு வீடு வேறு வீடானது. எனக்கு விடியலில் முட்டை வந்தது. பால் வந்தது. “பாரமான வாளியத் தூக்காத”, “மண்ணில வெறும் காலோட நிக்காத” என்று மாமியின் குரல் வீடு முழுக்கக் கேட்டது. வாழைத் தோட்டத்தில் களை பிடுங்க ஆள் கூப்பிட்டார். பழைய வேட்டிகளைக் கிழித்துத் துவைத்து, சின்னச் சின்னத் துண்டாக மடித்து என் அலுமாரியில் அடுக்கினார். நான் அதையெல்லாம் அந்தக் குளத்தைப் பார்ப்பதுபோலவே பார்த்துக்கொண்டிருந்தேன். வயிற்றில் கை வைத்துப் பார்ப்பேன். சந்தோஷப்படவேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. சோறு பொங்கிவிடும் என்று தெரிந்ததுபோலத்தான் அதுவும் தெரிந்தது.

மூன்றாம் மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில், விடியலில் சுபஹு தொழுகைக்கு எழுந்தபோது, சேலையில் இரத்தம் இருந்தது.

வழக்கத்தைவிட அதிகம். அடிவயிறு இழுத்துப் பிடித்தது. கலைந்ததா, முதலிலிருந்தே ஒன்றும் இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. காட்டிக் கேட்க அன்று யாரையும் நான் கூப்பிடவில்லை. மாமி அடுக்கிவைத்த வேட்டித் துண்டுகளில் நான்கை எடுத்துக்கொண்டேன். வெளியே அடுப்படியில் மாமி தேங்காய் திருவிக்கொண்டே மெல்லிய குரலில் நபிமேல் ஸலவாத்து ஓதிக்கொண்டிருந்தார். மகன் இறந்த பிறகு அவர் வாயிலிருந்து அந்த ராகம் வந்தது அப்போதுதான்.

நான் சொல்லவில்லை.

பதினெட்டு நாள் சொல்லவில்லை. மாமி பகல் தூங்கும்போது துணியைத் தோய்த்து, ஜன்னலை மறைத்த விரிப்புக்குப் பின்னால் கம்பியில் காயப்போட்டேன். இரத்தம் பட்டுத் தொழுகை இல்லாத நாட்களில் கதவைச் சாத்திவிட்டுப் பாயில் சும்மா உட்கார்ந்திருந்தேன். முட்டையைத் தின்றேன். பாலைக் குடித்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். ஒவ்வொரு நாளும் மாமி தன் பீங்கானை வழித்துத் தின்பதைப் பார்த்தேன். அவருடைய வளையல் மெல்ல மணிக்கட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

பத்தொன்பதாம் நாள் மாமி, “உக்குவளையில இருந்து மருத்துவிச்சியக் கூட்டியர ஆள் அனுப்பப் போறன், தொட்டுப் பாக்கட்டும்” என்றார். அதற்குமேல் இடமில்லை.

“வேணாம் மாமி” என்றேன். “ஒண்டும் இல்ல. போயிட்டுது.”

அவர் என் முகத்தையே பார்த்தார். “எப்ப?”

“பதினெட்டு நாள் ஆகுது.”

“பதினெட்டு நாளா என்னத்துக்கு மறைச்ச?”

“நீங்க சாப்பிடத் தொடங்கியிருந்தீங்க.”

கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கதிரையின் மேல் வைத்துவிட்டு அவர் போய்விட்டார். கத்துவார், அடிப்பார் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அன்றும் மறுநாளும் அவர் என் அறைக்கு வரவில்லை. அடுப்பும் எரியவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து எனக்கு இடியப்பம் வந்தது. மாமி தின்னவில்லை என்று கொண்டுவந்த பெண் சொன்னாள். கோப்பையில் தேத்தண்ணி ஆடை கட்டிக் கிடந்தது. அதை எடுத்துக் கழுவக்கூட எனக்குக் கை வரவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் கதவு திறந்தது. மாமி ஒரு பெரிய பீங்கானில் சோறும் பூசணிக்காய்க் கறியும் மாசிச் சம்பலும் கொண்டுவந்து பாயில் வைத்தார். ஒரே பீங்கான். விருந்து வீடுகளில் சுற்றி உட்கார்ந்து ஒரே சஹனில் தின்பதுபோல. எனக்கு எதிரில் உட்காராமல் என் பக்கத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். இருவர் முகமும் படத்தைப் பார்த்திருந்தது.

“தின்னு” என்றார். அவரும் கை வைத்தார்.

பிறகு, “இதில தண்ணி எது, வானம் எது?” என்று கேட்டார்.

“எல்லாம் தண்ணிதான் மாமி. அந்த வெளிச்சம் வானத்துட நிழல்.”

“தலகீழா இருக்கு.”

“ஓம்.”

அவர் இன்னொரு கவளம் தின்றார். சம்பல் ஒட்டிய விரலை நீட்டினார். “அந்த மரத்தடியில வெள்ளையா நிக்கிறது பொம்புளதானே?”

“நானும் அப்பிடித்தான் நினைச்சேன்.”

“ராத்தா கேட்ட அண்டைக்குச் சொல்லல்லியே நீ.”

“சொல்லல்ல.”

மாமி வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். “சரி. எவ்வளவு காலமா நிக்கிறாவோ. நிக்கட்டும்.”

பீங்கானில் என் பக்கம் குறைந்ததும் தன் பக்கத்துச் சோற்றை விரலால் என் பக்கம் தள்ளினார். நான் அதைத் தின்றேன். அதற்குப் பிறகு பிள்ளையைப் பற்றி எங்களுக்குள் ஒரு பேச்சும் எழவில்லை, அவர் இறக்கும்வரை.

படம் அதிக காலம் இருக்கவில்லை. அடுத்தடுத்த மழைகளில் சுவர் ஊறி, பின்பக்கம் பூஞ்சை பிடித்து, குளத்தின் நடுவிலிருந்து வண்ணம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. சட்டத்தைக் கறையான் தின்றது. ஒரு துப்புரவு நாளில் மாமியும் நானும்தான் அதைக் கழற்றி வாழைத் தோட்டத்துக்குப் பின்னால் போட்டோம். அப்போதும் எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

அதற்கெல்லாம் முன்னே, இத்தா முடிந்த நாளில் என்னைக் குளிக்கவைத்து, புதுச் சேலை உடுத்தி, துஆ ஓதினார்கள். ஜன்னலின் ஆணிகளைப் பிடுங்கி விரிப்பை இறக்கினார்கள். வெளிச்சத்தில் கண் கூசியது. உக்குவளையிலிருந்து என் உம்மாவும் கூடப்பிறந்த மூத்தவரான நானாவும் கார் பிடித்து வந்திருந்தார்கள்.

“பெட்டியக் கட்டு மகள்” என்றார் உம்மா. “இனி இங்க உனக்கு என்ன இருக்கு?”

“நான் மாமியோட இருக்கேன்.”

“உனக்கு இருபத்தாறு வயசு. பைத்தியமா?”

“கொஞ்ச நாளைக்கு உம்மா.”

நானா சத்தம் போட்டார். உம்மா அழுதார். மாமி அடுப்படியில் இருந்தார், போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. கார் வெறுமனே திரும்பிப் போனது. கொஞ்ச நாள் என்று நான் சொன்னது பதினோரு வருஷமானது.

அடுத்த வாரமே நாங்கள் இருவரும் இரத்தோட்டைக்கு பஸ் ஏறினோம். அங்கே என் கணவர் வாங்கிய ஒரு துண்டு மிளகுத் தோட்டம் இருந்தது. காய் பறிக்கும் காலம், பார்க்க ஆள் இல்லை. மாமி வாழ்நாளில் இரண்டே தடவைதான் பஸ்ஸில் போயிருந்தாராம். சந்தைக்கு வந்து தோட்டத்துக்குத் திரும்பும் பெண்கள் கூடைகளோடு நெருக்கி நின்றார்கள். லொறி புரண்ட வளைவை பஸ் கடந்தபோது அதுதான் இடம் என்று எனக்குத் தெரிந்தது, மாமிக்கும் தெரிந்தது. வயலில் ஒரு மனிதர் வரப்பை மண்வெட்டியால் சரிசெய்துகொண்டிருந்தார். நான் பார்த்தேன். அழுகை எனக்கு அங்கேயும் வரவில்லை. மாமி தன் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

இரண்டு வளைவு தாண்டியதும் அவர் வாந்தியெடுத்தார். என் மடியெல்லாம் பட்டது. நான் அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். நின்றிருந்த தோட்டத்துப் பெண் ஒருத்தி கூடையிலிருந்து தேசிக்காய் ஒன்றை எடுத்து நகத்தால் கீறி மாமியின் மூக்கருகே பிடித்தாள். “நல்லா மோந்து பாருங்கம்மா, செத்த நேரத்துல சரியாப் போயிரும்” என்றாள். “ஒங்க மகளா?” என்று என்னைக் காட்டிக் கேட்டாள்.

மாமி தேசிக்காயை முகர்ந்தபடியே தலையாட்டினார்.

இரத்தோட்டையில் இறங்கி, றோட்டோரப் பீலியில் விழுந்த தண்ணீரில் என் சேலையைக் கழுவிக்கொண்டு, ஈரத்தோடே ஏற்றத்தில் நடந்தோம். தோட்டத்தில் முள்முருங்கை மரங்களைச் சுற்றி மிளகுக் கொடி ஆள் உயரத்துக்கு மேல் ஏறியிருந்தது. எதைப் பறிக்கலாம், எதைப் பறிக்கக்கூடாது என்று இருவருக்குமே தெரியாது. பக்கத்துக் காணியின் சிங்களப் பெண் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிங்களத்தில் சொன்னாள்: ஒரு கொத்தில் ஒரு மணி சிவந்தால் போதும், முழுக் கொத்தையும் பறிக்கலாம். நான் மாமிக்குத் தமிழில் சொன்னேன். மாமி கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொடிக்குக் கிட்டப் போய், சிவந்த மணி ஒன்றைத் தேடத் தொடங்கினார். நான் சாக்கை விரித்துப் பிடித்தேன்.